புரட்டாசிக்குக் கழற்றிய சுவைப்பட்டை

சித்திரை பதினெட்டாம் தேதி காலை பத்தே காலுக்கு லோகநாதன் அண்ணனின் மஞ்சள் எண் இருபத்தொன்பது என்று வந்தது. திம்பம் மலைப்பாதையில் பேருந்து ஓட்ட முப்பத்தாறு வேண்டும். கார்த்திகை பத்தாம் தேதிக்குள் முப்பத்தாறு வராவிட்டால் அவருடைய மலை உரிமம் புதுப்பிக்கப்படாது. விஷயம் இவ்வளவுதான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

நான் பூபதி. அவருடைய பேருந்தில் நடத்துநர். சத்தியமங்கலத்தில் காலை ஆறு இருபதுக்கு எடுத்து, மலையேறித் தாளவாடிக்குப் போய், மாலையில் காய்கறி மூட்டைகளோடு இறங்கி வரும் வண்டி எங்களுடையது. சமவெளியில் பேருந்துகள் தாமாகவே ஓடத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் அவை திணறின. மூடுபனியில் எதிரே நிற்பது கரும்பு லாரியா, அந்தக் கரும்பைத் தின்ன வந்த யானையா என்று ஒரு தானோட்டி வண்டி நாற்பது நிமிஷம் யோசித்துக்கொண்டே நின்றது. அடிவாரத்துப் பண்ணாரி வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. அதன் பிறகு மலைக்கு மட்டும் மனிதர்கள் என்று முடிவு செய்தார்கள். மாவட்டத்தில் ஒன்பது ஓட்டுநர்கள் அப்படி இருந்தார்கள், எங்களைப் போன்ற நடத்துநர்களைச் சேர்க்காமல். லோகண்ணன் அவர்களில் மூத்தவர். வயது ஐம்பத்தொன்று. மலையிலிருந்து இறக்கிவிட்டால் அவருக்கு ஓட்ட வேறு வண்டி கிடையாது. பணிமனையில் ஒரு நாற்காலி கிடைக்கும்.

மஞ்சள் எண் என்றால் என்ன என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கண் மருத்துவர் நஸீமா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, திரையில் லோகண்ணனின் கண்ணின் உட்புறத்தைக் காட்டினார். விழித்திரையின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. கூர்மையாகப் பார்ப்பதெல்லாம் அந்த இடத்தில்தான். அந்த மஞ்சள் திரை போல நின்று, கண்ணைச் சுடும் நீல ஒளியைத் தடுக்கிறது. அந்தத் திரையின் கனத்தைத்தான் கருவி எண்ணாகச் சொல்கிறது. லோகண்ணனுடையது, பலமுறை துவைத்த வேட்டி போல மெலிந்திருந்தது.

“செடி நாள் முழுக்க வெயில்லயே நிக்குது. அது கருகாம இருக்கறதுக்கு நிறத்தைச் செஞ்சு வெச்சுக்குது. அந்த நிறத்தை நம்ம உடம்பால செய்ய முடியாது, தின்னுதான் வாங்கணும்” என்றார் டாக்டர். கீரையின் பச்சைக்கு அடியில் அந்த மஞ்சள் ஒளிந்திருக்கிறதாம். மக்காச்சோளத்திலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் வெளிப்படையாகவே இருக்கிறது. கேரட்டின் ஆரஞ்சு உடம்புக்குள் போய் வைட்டமினாக மாறி, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுகிறது. தக்காளியின் சிவப்புக்கும், நாவல் பழத்தின் ஊதாவுக்கும் வேறு வேறு வேலை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. அதனால் தட்டில் நிறங்கள் கலந்திருக்க வேண்டும். போன பார்வை திரும்பாது, இருப்பதை நிறுத்தி வைக்கலாம் என்றார்.

மாத்திரை இருக்கிறதே என்று லோகண்ணன் கேட்டார். அதைத்தான் இரண்டு வருஷமாகத் தருகிறேன், எண் நகரவில்லை என்றார் டாக்டர். அண்ணன் அதைத் தினமும் வெறும் வயிற்றில், பால் ஊற்றாத வரக்காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அப்போது அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லோகண்ணனின் சாப்பாட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளையாக இருப்பதுதான் அவருக்குச் சாப்பாடு. சோறு, தயிர், இட்லி, முட்டையில் வெள்ளைக் கரு. இதற்கு விலக்கு கறி ஒன்றுதான். ஆடும் கோழியும் எந்த நிறத்தில் இருந்தாலும் சரி. காய் என்று ஒன்று தட்டில் விழுந்தால், கல்லைப் பொறுக்குவது போலப் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடுவார். அவருடைய மனைவி கோகிலவாணி அக்கா இருபத்து நான்கு வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கீரையைப் பொடியாக அரிந்து வடையில் ஒளித்தார். வடையைப் பிய்த்துக் கீரையை எடுத்துவிட்டு உளுந்தை மட்டும் தின்ற மனிதரை நான் அவரைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை.

அதனால் டாக்டர் சொல்லி, வைகாசி மூன்றாம் தேதி அவருக்குச் சுவைப்பட்டை பொருத்தினார்கள்.

பொருத்த வந்த பெண்ணின் பெயர் மிதுனா. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். நகத்தின் அளவு, வெங்காயத் தோலின் கனம், அவ்வளவுதான் பட்டை. மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய்க்குள் வருகிற உணவின் நிறத்தை அது படிக்கும். பச்சை என்றால் ஒரு ருசி, ஆரஞ்சு என்றால் ஒரு ருசி, இப்படி ஐந்து நிறத்துக்கு ஐந்து ருசி. அந்த ருசிகளை நாம் முன்கூட்டியே பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். பிறகு பாலக்கீரையை மென்றாலும் நாக்குக்குத் தெரிவது நாம் கேட்ட ருசிதான். வெள்ளை உணவை அது தொடாது.

ஐந்துக்கும் என்ன ருசி வேண்டும் என்று மிதுனா கேட்டாள். லோகண்ணன் யோசிக்கவே இல்லை. பச்சைக்கு ஆட்டுக்கறி வறுவல். ஆரஞ்சுக்குப் பள்ளிபாளையம் கோழி. சிவப்புக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. மஞ்சளுக்கு மூளை வறுவல். ஊதாவுக்குக் குடல் கறி. ஒன்றாவது சைவமாக இருக்கட்டுமே என்று மிதுனா சொல்லிப் பார்த்தாள்.

“அஞ்சு எடம் இருக்கறப்ப எதுக்கம்மிணி வீணாக்கறது?” என்றார் அவர்.

மறுநாள் மதியம் தாளவாடி பேருந்து நிலையத்தில் அவர் தூக்குப்போசியைத் திறந்து அரைக்கீரைக் கடைசலை வாயில் வைத்தார். மென்றார். கண்ணை மூடினார். பிறகு என் போசியிலிருந்த கீரையையும் எடுத்துக்கொண்டார். நான் அன்றைக்கு வெறும் சோறு தின்றேன். ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த ஒரு வாரத்தில் அவர் தின்ற காய், அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் தின்றதைவிட அதிகம். மூட்டை ஏற்றுகிறவர்கள் அவரைக் கண்டாலே முட்டைக்கோஸை மறைத்தார்கள். டிரைவரண்ணா, மாட்டுக்குன்னு ஒதுக்குன தழையை மட்டும் விட்டுருங்கோ என்று ஒருவர் கைகூப்பினார்.

ஆனி மாதம் நடுவில் ஒரு நாள் காலை, கோகிலா அக்கா போசியைக் கொடுக்கப் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது முகம் சரியாக இல்லை. அண்ணன் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பூபதி, நேத்து ராத்திரி பீர்க்கங்காயைக் கருக உட்டுட்டேன். வேணும்னேதான் உட்டேன். உப்பும் போடலை. உங்கண்ணன் அருமைன்னு சொல்லிட்டு ரெண்டாந்தடவை வாங்கித் தின்னாரு.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“வருசத்துக்கு ஒருக்கா அந்த மனுசன் வாயிலிருந்து நல்லாருக்குதுன்னு வரும். அந்த ஒண்ணை வெச்சு நான் மீதி வருசத்தை ஓட்டிப்போடுவேன். இப்ப நாளைக்கு மூணு தடவை அருமைங்கறாரு. எனக்கு அது வேண்டாம் பூபதி. கல்லை வேக வெச்சாலும் அதையேதான் சொல்லுவாரு. அப்பறம் நான் என்னத்துக்கு அடுப்பு முன்னால நிக்கறது?”

மறுநாளிலிருந்து நிற்கவில்லை. போசியில் சோறும் தயிரும் வழக்கம்போல இருந்தன. கூட ஒரு டப்பாவில் பச்சையாக நறுக்கிய கேரட், பீட்ரூட், பச்சையாகவே ஒரு பிடி கீரை. அண்ணனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தெரிய வழியில்லை. ஆட்டுக்கறி வறுவலும் குடல் கறியும் தின்பதாகத்தான் அவர் நாக்கு சொன்னது. அக்கா சமைப்பதை நிறுத்திவிட்டார் என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போக வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

ஆவணி இருபத்தெட்டாம் தேதி மறுபடி கண்ணைப் பார்த்தார்கள். முப்பது.

நாலு மாதத்தில் ஒரே ஒரு எண். இந்தத் தடவை அக்காவும் வந்திருந்தார். டாக்டர் நஸீமா கருவியைத் தட்டிப் பார்த்தார், மறுபடி அளந்தார். முப்பதுதான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அண்ணன் பெருமையாக ஒரு பட்டியல் ஒப்பித்தார். எப்படிச் சமைத்தது என்று டாக்டர் கேட்டார்.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, பச்சையாகத்தான் என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எண்ணெய் இல்லாமலா?”

“எண்ணெயும் இல்லீங்க.”

“அதுதான் விஷயம். இந்த நிறம் தண்ணியில கரையாதும்மா. எண்ணெயிலதான் கரையும். செடி அதை இறுக்கமா மூடி வேற வெச்சிருக்கு, வெந்தாத்தான் இளகும். தாளிச்சு, ஒரு கரண்டி எண்ணெயில வதக்கி, தேங்காய் போட்டு இறக்குறோமே, அது ருசிக்கு மட்டும்னு நெனச்சீங்களா? அப்படிப் போனாத்தான் உடம்பு பிடிச்சு வெச்சுக்கும். பச்சையா மென்னதுல பாதிக்கு மேல வந்த வழியே போயிருக்கும்.”

மாத்திரையை வரக்காப்பியோடு விழுங்கியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. சொன்னேன். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா எதிரே இருந்த செக்குக் கடையில் கடலை எண்ணெய் வாங்கினார். அண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஆனியிலிருந்து என்றார் அக்கா. அண்ணன் எண்ணெய்ப் போசியை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

சமையல் திரும்பிவிட்டது, பட்டையும் இருக்கிறது, இனி எண் ஏறிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் நாலே நாளில் புரட்டாசி பிறந்தது.

அண்ணன் புரட்டாசி மாதம் முழுக்கக் கறி தொடமாட்டார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். பட்டையைக் கண்டுபிடித்தவர்களுக்குப் புரட்டாசி என்று ஒரு மாதம் இருப்பது தெரியவில்லை. முதல் நாள் காலையில் அண்ணன் முருங்கைக்கீரையை வாயில் வைத்தார். ஆட்டுக்கறி வறுவல். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

தின்றது கீரைதானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். நாக்குக்குக் கறி என்றார். வயிற்றுக்குக் கீரை என்றேன். தீராததால் பெருமாள் கோயில் பட்டரிடம் போனோம். அவர் நிறைய யோசித்தார். அந்த ருசி வரும்போது உமக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டார். ரொம்பச் சந்தோஷமாக இருக்குதுங்க சாமி என்று அண்ணன் உண்மையைச் சொன்னார். அப்படியானால் கழற்றிவிடும் என்றார் பட்டர். காலையிலிருந்து இதே கேள்விக்குப் பதினாறாவது ஆள் நீர் என்றும் சொன்னார்.

ருசியை மாற்றிப் பதியலாமே என்று மிதுனாவைக் கூப்பிட்டோம். அவள் அழாத குறை. மாவட்டம் முழுக்க எல்லாரும் கறியும் கோழியுமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். ஒரே நாளில் நாலாயிரம் பேர் மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். லோகண்ணனின் முறை ஐப்பசி இருபத்தொன்றுக்கு வந்தது.

அண்ணன் பட்டையைக் கழற்றிக் கழுவி, அதன் டப்பாவில் போட்டு பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். பிறகு தயிர்சோறும் ஊறுகாயும் கேட்டார். எல்லாப் புரட்டாசியிலும் அவருடைய சாப்பாடு அதுதான்.

“அப்பக் கண்ணு?” என்றார் அக்கா.

“அதெல்லாம் பெருமாள் பாத்துக்குவாரு.”

“அவரு பாத்துக்குவாருங்க. நீங்க பாக்க வேண்டாமா?”

அன்றைக்கு ஒரு உடன்பாடு ஆனது. மதியச் சாப்பாட்டோடு தினம் ஒரு நிறம், சமைத்தது. அண்ணன் அதைத் தின்ன வேண்டும். தின்றாரா, எவ்வளவு தின்றார், என்ன சொன்னார் என்று நான் ஒரு சீட்டில் எழுதிக் காலி போசியோடு வைத்து அனுப்ப வேண்டும். எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் சீட்டு: “புரட்டாசி 2. புடலங்காய்ப் பொரியல். முழுசு. ஒன்றும் சொல்லவில்லை.” இரண்டாம் நாள்: “சிவப்பு முட்டைக்கோஸ். முழுசு.” மூன்றாம் நாள்: “பூசணிக் கூட்டு. முழுசு.” இப்படியே பத்து நாள்.

பதினோராம் நாள் காலை அக்கா இரண்டு போசி கொண்டுவந்தார். ஒன்றை அண்ணனிடம் கொடுத்தார். இன்னொன்றை என் கையில் வைத்தார்.

“உங்கண்ணன் பொறுக்குனா ஓரத்துல குப்பையாக் குவிக்கற ஆளு. பத்து நாளாக் கறிவேப்பிலையைத் தனியா எடுத்து அடுக்கி வெச்சு டப்பா வருது. அப்படி அடுக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு வேணும்னா கேட்டு வாங்கித் தின்னு தம்பி. இனி உனக்கும் தினம் ஒரு போசி, அவரோடதைத் தொடாதே.”

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. 

அன்று மதியம் வேறு வழியில்லாமல் அவர் டப்பாவைத் திறந்தார். அவரைக்காய்ப் பொரியல், தேங்காய்ப்பூ போட்டது. ஒரு வாய் வைத்து, மருந்து விழுங்குவது போல விழுங்கினார். இரண்டாவது வாயை மென்றார். மூன்றாவதில் நிறுத்தி, நேற்றுக் கொண்டுவந்த கீரையில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, தின்றுவிட்டேன் என்றேன்.

“அதுவும் இதே மாதிரிதான் இருந்துச்சா?”

“இல்லீங்கண்ணா. கீரை கீரை மாதிரி இருந்துச்சு. இது அவரைக்காய் மாதிரி இருக்குது.”

அவர் நாலாவது வாயை வைத்தார். “நாலு மாசமாப் பச்சை நெறத்துல எதைத் தின்னாலும் ஒரே வறுவல் பூபதி. கறியேதான், ஆனாலும் ஒரே கறி. நம்ம பாதையில இருக்கற வளைவெல்லாம் ஒண்ணே மாதிரி இருந்தா எப்பிடி இருக்கும்? அப்பிடி ஆயிப்போச்சு நாக்கு” என்றார். டப்பாவில் கால்வாசி மிச்சம் வைத்தார். நான் கால்வாசி மிச்சம் என்றே எழுதினேன்.

அதன் பிறகு எழுதிய சீட்டுகள் எல்லாம் உண்மை. அக்கா அவற்றை அடுப்படிச் சுவரில் கம்பியில் குத்தி வைத்திருந்தார். சிலவற்றை இங்கே தருகிறேன்.

“புரட்டாசி 13. பீட்ரூட். பாதி. மண் வாசம் அடிக்கிறது என்கிறார்.”

“புரட்டாசி 15. பீட்ரூட், மிளகு போட்டது. முக்கால். மண் வாசம் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது என்கிறார்.”

“புரட்டாசி 20. தக்காளித் தொக்கு. முழுசு. என் டப்பாவிலும் கை வைத்தார்.”

“புரட்டாசி 22. பாகற்காய். இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.”

“புரட்டாசி 26. வெந்தயக்கீரைப் பருப்பு. வெந்தயம் தூக்கல், பருப்பு ஒரு கொதி குறைவு, இப்படியா செய்வது என்று ஹாசனூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். டப்பா கழுவியது போல இருந்தது.”

இந்தக் கடைசிச் சீட்டைப் படித்த அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். ஒன்றும் விஷயமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றார். கொதி குறைவு என்றா சொன்னார், அதே வார்த்தையா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மறுநாள் பருப்பு சரியாக வெந்திருந்தது.

புரட்டாசி முடிந்து கறி வந்தது. காயும் நிற்கவில்லை. ஐப்பசி இருபத்தொன்றாம் தேதி மிதுனா பதிவுக் கருவியோடு வீட்டுக்கு வந்தாள். நாலாயிரம் பேரைப் பார்த்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது. இந்தத் தடவை ஐந்தில் மூன்றையாவது சைவமாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அண்ணன் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டார். அவளுக்குப் புரியவில்லை. பழுதாகிவிட்டதா என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்குதம்மிணி. ரெண்டு மாசமாச் சண்டை போட்டு இப்பத்தான் அவரைக்காயும் நானும் பேச ஆரம்பிச்சிருக்கறோம். நடுவுல ஆளு வேண்டாம்.”

திருப்பிக் கொடுத்த முதல் ஆள் நீங்கள்தான் என்று மிதுனா சொன்னாள். அக்கா அவளை உட்கார வைத்துச் சோறு போட்டார். அவள் சுவரில் இருந்த சீட்டுகளை எல்லாம் படித்துவிட்டு, பாகற்காய் மட்டும் வேண்டாம் என்றாள்.

கார்த்திகை பத்து வந்தது. காலை ஒன்பது மணிக்கே மூன்று பேரும் டாக்டர் நஸீமாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஸ்டியரிங் பிடிப்பது போலத் தன் முழங்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையை எடுத்துவிட்டார், மறுபடி போய்ப் பிடித்துக்கொண்டது. உள்ளே கூப்பிட்டார்கள். தாடையை வைக்கச் சொன்னார்கள். கருவி முனகியது.

முப்பத்தேழு.

டாக்டர் இரண்டாவது தடவை அளந்தார். முப்பத்தேழுதான். உரிமத் தாளில் கையெழுத்துப் போட்டு, இன்னும் மூன்று வருஷத்துக்கு மலை உங்களுடையது என்றார். அண்ணன் தாளை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கண்ணையும் பார்த்துவிடலாமே என்று டாக்டர் கிண்டலாகக் கூப்பிட்டார். தாடையை வைத்தேன். நாற்பத்தொன்று. ஓட்டத் தெரியாதவனுக்கு எதற்கு இத்தனை என்று அண்ணன் கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

“கருவி ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்களும் வாங்கம்மா” என்றார் டாக்டர் அக்காவிடம். எனக்கெதற்கு என்று அக்கா மறுத்தார். அண்ணன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சமைத்தவருக்கு எத்தனை வருகிறது என்று பார்க்க எங்களுக்கும் ஆசை. நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும் என்று நான் பந்தயம்கூடக் கட்டினேன்.

இருபத்து நான்கு.

டாக்டர் அளவை மாற்றி மறுபடி பார்த்தார். அதேதான். அறையில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

“நேத்து மத்தியானம் என்னம்மா சாப்பிட்டீங்க?”

“ரசஞ்சோறுங்க.”

“காய்?”

“இவங்களுக்கு டப்பாவுல போட்டது போக மிச்சம் இருந்தா வெச்சுக்குவேனுங்க.”

“மிச்சம் இருந்துச்சா?”

அக்கா முந்தானையைச் சரி செய்தார். பிறகு, “ரெண்டு டப்பாவாச்சுங்களே” என்றார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். புரட்டாசி பன்னிரண்டிலிருந்து கார்த்திகை ஒன்பது வரை, வார விடுமுறை போக ஐம்பது டப்பா. ஐம்பதும் என் வயிற்றுக்குள் போயிருந்தது. அந்த நாற்பத்தொன்றில் எத்தனை அக்காவுடையது என்று யோசித்தபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அதற்கு முன்னால், நான் இல்லாத இருபத்து நான்கு வருஷத்தில், அண்ணன் ஒதுக்கி வைத்த காயெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். ஒதுக்கியதை நான்தான் தின்றேன், இவர் தின்ன ஆரம்பித்த பிறகுதான் அதுவும் இல்லாமல் போயிற்று என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். பெரிய விஷயமாக அவருக்கு அது தெரியவே இல்லை. முப்பத்தேழு வந்த சந்தோஷத்திலேயே இருந்தார்.

அண்ணன் சந்தைப்பேட்டையில் இறங்கி ஒரு கட்டுச் சிறுகீரை, ஒரு கிலோ அவரைக்காய், சிவப்பு முட்டைக்கோஸ் ஒன்று, பப்பாளி ஒன்று வாங்கினார். எல்லாவற்றையும் அவரே பொறுக்கினார். முற்றிய அவரைக்காயைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

மதியம் அக்கா சமைத்தார். நான் தேங்காய் துருவினேன். அண்ணன் மூன்று தட்டு எடுத்து வைத்தார். நீங்க ரெண்டு பேரும் உண்ணுங்க, நான் பின்னால உண்டுக்கறேன் என்று அக்கா கரண்டியைக் கையில் எடுத்தார். அண்ணன் கரண்டியை வாங்கிக்கொண்டு, “உக்காரு புள்ள” என்றார். அக்கா உட்கார்ந்தார். சிறுகீரையும் அவரைக்காயும் சட்டியிலிருந்து ஆவி பறக்க அக்காவின் தட்டில் முதலில் விழுந்தன.

தன் கையால் செய்த பொரியலைச் சூடாகத் தின்று எத்தனை நாள் ஆயிற்றோ. முதல் வாயை அக்கா மெதுவாக மென்றார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. இரண்டாவது வாய் எடுத்தார். சட்டியை இப்படி நகர்த்துங்கள் என்றார். நகர்த்தினோம். அவரைக்காய் தீர்ந்தது. கீரைச் சட்டியையும் கேட்டார். அதையும் நகர்த்தினோம். முட்டைக்கோஸை மட்டுமாவது தள்ளி வைக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. கை போவதற்குள் அதுவும் அவர் பக்கம் போய்விட்டது.

அண்ணன் தன் தட்டில் வெறும் வெள்ளைச் சோற்றை வைத்துக்கொண்டு, காலிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த இரண்டு அவரை விதைகளைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்.

“ஏம்புள்ள, எனக்கொரு வாய் வெச்சிருக்கப்படாதா?”

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, பப்பாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நாளைக்குச் செய்யறேனுங்க. இன்னிக்கு ரசம் இருக்குது, ஊத்திக்குங்க.”